வெள்ளைக் கவுணைப் படமெடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கமராவுக்குக் கவுண் வெள்ளை என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் அதன் மீட்டர் ஒளியை அளக்கும். பிரேம் நிறையக் கவுண் வந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைத்துவிடும். கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயப் படிகளில் பளிச்சென்று நின்ற மணப்பெண், அல்பத்தில் துவைக்காத துணி உடுத்தியவர் மாதிரித் தெரிவது இதனால்தான். இன்றைய கமராக்கள் ஓரளவு சமாளித்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை +1 வரை ஏற்றிப் பாருங்கள். கவுண் மட்டுமே பிரேமில் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம்.

அடுத்த படத்தில் மாப்பிள்ளை கறுப்புக் கோட்டோடு பக்கத்தில் வந்து நிற்பார். மீட்டர் உடனே மறுபக்கம் சாயும். அந்த +1ஐ அப்படியே விட்டால் லேஸ் வேலைப்பாடு முழுக்க வெளிறிப்போகும். வெளிச்சம் மாறவே இல்லை, ஆள்தான் மாறினார். ஆகவே ஒரே வெளிச்சத்தில் தொடர்ந்து எடுக்கும்போது, வெளிச்ச அளவை நாமே வைக்கும் மனுவலில் எடுங்கள். சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீட்டரைக் கவுணின் வெளிச்சமான பகுதியில் வைத்து அளந்து, அது சொல்வதைவிட ஏறத்தாழ ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) கூட்டி வையுங்கள். பிறகு யார் வந்து நின்றாலும் கை வைக்கத் தேவையில்லை. மேகம் மறைத்தால் மட்டும் திரும்ப அளவுங்கள்.

கவுண் வெளிறிவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் இருட்டாக எடுப்பதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற தவறு. முகம் இருண்டுபோக, பிறகு கணினியில் அதை வெளுப்பாக்குவார்கள். அந்தப் பிள்ளையின் உண்மையான நிறமே போய்விடும். மாநிற முகத்துக்கும் வெள்ளைத் துணிக்கும் இரண்டு ஸ்டொப்புக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். ஏப்ரல், செப்டெம்பர் முற்பகுதியில் நண்பகலில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரம் காலி முகத்திடலில் நிறுத்தினால் தோள் எரியும், கண்குழி இருண்டுவிடும். மாலை வரை பொறுங்கள், இல்லாவிட்டால் நிழலுக்குக் கூட்டிப்போங்கள். விகாரமகாதேவி பூங்காவில் புல்தரையைத் தவிர்ப்பது நல்லது. கவுணின் கீழ்ப்பகுதி மட்டும் பச்சையடிக்கும்; படம் முழுவதன் நிறச்சாயலையும் ஒன்றாகச் சரிசெய்யும் வைட் பெலன்ஸால் அதைத் தனியாகத் திருத்த முடியாது.

படம் சரியா என்று திரையின் பிரகாசத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெயிலில் அது இருட்டாகவும் மண்டபத்துக்குள் பளிச்சென்றும் தெரியும். இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்துக்குக் கிட்ட வரட்டும், ஆனால் ஓரத்தில் குவியக்கூடாது. வெளிறிப்போன இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையையும் போட்டுவையுங்கள். முத்துமணிகள் மட்டும் மினுக்கினால் விட்டுவிடலாம். மார்புப் பகுதி லேஸ் மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டொப் குறையுங்கள். மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தில் சிவப்புத்தான் முதலில் நிரம்பும் என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

கமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் மட்டும் எடுக்க வேண்டாம். அதில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். சென்சர் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் 14 பிட் ரோ கோப்பில் 16,384. அதற்காக ரோ எல்லாவற்றையும் மீட்டுத்தரும் என்றில்லை. சென்சர் நிரம்பிப்போன இடத்தில் லேஸும் இல்லை, நூலும் இல்லை.

அப்புறம் பிளாஷ். மண்டபத்துக்குள் நேராக அடிக்காதீர்கள். மடிப்பும் நூல் வேலையும் தெரிவது பக்கவாட்டு நிழலால்தான். நேரே அடித்தால் அது அழிந்துவிடும். பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பட்டும். சுவருக்கு நிறம் பூசியிருந்தால் அந்த நிறமே கவுணில் ஏறும். அப்போது வெள்ளைச் சீலிங்கைப் பார்த்துத் திருப்புங்கள்.