ஆட்சேபனை இல்லை என்று எழுதிய நான்கு வரிகள்: மரபணு வளங்களைப் பெறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இறுதியாண்டு மாணவர்கள் இருவர், மூதூர்ப் பக்கத்தில் மூலிகை மாதிரிகள் எடுப்பதற்காகத் தயாரித்த சம்மதக் கடிதமொன்றைத் திருத்தித் தரும்படி கேட்டுத் திருகோணமலையிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வாசித்து முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பதினொரு வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய கடிதமே பெயரும் திகதியும் மாறி என் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது.

அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது, ஒரே இடத்தில் எல்லாச் செடியையும் பிடுங்கக் கூடாது என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை எந்த விரிவுரையாளரும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவார். விடயம் தெரிந்தவர்களும் நல்ல எண்ணம் உள்ளவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றியே எனக்குக் கவலை.

அடிப்படையை மட்டும் நினைவுபடுத்திவிடுகிறேன். 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கையொப்பத்துக்கு விடப்பட்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், ஒரு நாட்டின் மரபணு வளங்கள் (செடி, விதை, நுண்ணுயிர் போன்றவை) மீது அந்த நாட்டுக்கே இறைமை உண்டு என்றும், அவற்றைப் பெற விரும்புபவர் முன்கூட்டியே விளக்கம் சொல்லி இணக்கம் பெற வேண்டும் என்றும், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி பயனைப் பகிர வேண்டும் என்றும் கூறுகிறது. 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை அதையே விரிவாக்குகிறது. இவற்றில் இணக்கம் வேறு, நிபந்தனைகள் வேறு என்பதைக் கவனியுங்கள். என் தவறு அந்த இடத்தில்தான் நடந்தது.

சம்மதக் கடிதத்தை ஒப்பந்தம் என்று நினைப்பது

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக வந்த ஒருவருக்கு நான் களத் துணையாக இருந்தேன். வெருகலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில் எழுபது வயது கடந்த பரியாரியார் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன். செடியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதை ஊரறியச் சொல்லி ஒருமுறை பட்டது போதும். பரியாரியார் அலவாங்கை வாங்கித் தானே கிண்டினார். வடக்கே ஓடிய வேரை மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெட்டி, மேற்தோலைச் சீவி, உள்ளே மஞ்சளாக இருக்கும் பகுதிதான் மருந்து என்றும், எந்த மழைக்குப் பிறகு எடுக்க வேண்டும் என்றும், எந்த நோய்க்கு எதனோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்றும் சொன்னார். "எடுத்தது காணும் தம்பி, மிச்சத்தை மண் போட்டு மூடிவிட்டு வாங்கோ" என்றார். வேர்த் துண்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட பொலித்தீன் பையில் இட்டு, திகதியும் இடமும் எழுதி ஒட்டினோம்.

பிறகு நான் கடிதம் எழுதினேன். "மேற்படி தாவர மாதிரிகளை ஆய்வு நோக்கத்துக்காகச் சேகரிப்பதற்கு எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை" என்பதே அதன் சாரம். மொத்தம் நான்கு வரிகள். பரியாரியார் கையொப்பமிட்டார், கிராம உத்தியோகத்தர் முத்திரை குத்தினார். அந்த முத்திரையைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடங்களின் பின்னர் ஓர் ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. வேரின் சாறு வேறொரு நாட்டிலுள்ள இரண்டாவது ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தது. அந்த ஆய்வுகூடம் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தது. நன்றியுரையில் பரியாரியார் "உள்ளூர்த் தகவலாளி ஒருவர்" ஆகியிருந்தார். அந்த ஆய்வாளரோ பட்டம் பெற்று வேறு துறைக்குப் போய்விட்டார். இரண்டாவது ஆய்வுகூடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது: மாதிரி தங்களுக்கு வந்தபோது எந்தக் கட்டுப்பாடும் அதனுடன் வரவில்லை, வழங்குநரின் சம்மதம் முறைப்படி பெறப்பட்டுள்ளது, சான்று இணைக்கப்பட்டுள்ளது. இணைப்பைத் திறந்தால் என்னுடைய நான்கு வரிக் கடிதம், முத்திரையோடு.

நான் எழுதிய கடிதம் பரியாரியாரைக் காக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்தவர்களைக் காத்தது. கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. எடுப்பதற்கு அவர் சம்மதித்தது உண்மை. எடுத்த பிறகு என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதும் உண்மை. "ஆய்வு நோக்கம்" என்று எழுதியது காவல் என்று எண்ணியிருந்தேன். நோக்கம் மாறினால் என்ன செய்வது என்று எழுதாதவரை அந்தச் சொற்களால் யாரையும் கட்டுப்படுத்த முடியாது.

நகோயா நெறிமுறையின் 6ஆம் உறுப்புரை, எழுத்துமூல நிபந்தனைகளில் இடம்பெறத்தக்க நான்கு விடயங்களைக் குறிப்பிடுகிறது: பிணக்குத் தீர்க்கும் முறை, புலமைச் சொத்துரிமை உட்பட்ட பயன்பகிர்வு, பின்னர் மூன்றாம் தரப்புப் பயன்படுத்துவது, நோக்கம் மாறுவது. பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் சிறிய ஆய்வென்றாலும் இந்த நான்கையும் விடாதீர்கள். குறிப்பாக மூன்றாவதை நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: "இம்மாதிரியோ அதன் சாறோ அதிலிருந்து பெறப்பட்ட தரவோ, வழங்குநரின் எழுத்துமூல முன் இணக்கமின்றி வேறெவருக்கும் கையளிக்கப்படலாகாது, கையளிக்கப்படுமிடத்து இந்நிபந்தனைகள் அனைத்தும் பெறுபவரையும் கட்டுப்படுத்தும்." இதன் பிரதியொன்று மாதிரிப் பையோடு பயணிக்க வேண்டும். கோப்புக்குள் மட்டும் இருந்தால் இரண்டாவது ஆய்வுகூடத்துக்கு அது தெரியவே வராது.

காப்புரிமை விண்ணப்பம் பிறகு கைவிடப்பட்டதாக அறிந்தேன். ஆனால் பரியாரியார் காலமான பின்னர் அவருடைய மகன், குறிப்புப் புத்தகத்தோடு வருகிற எவரையும் படலைக்கு உள்ளே விடுவதில்லை. அவரிடம் கோபிக்க எனக்கு முகமில்லை.

செடிக்கு மட்டும் படிவம் நிரப்புவது

கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையில் குடைந்த குவளையில் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் நீரிழிவுக்குக் குடிப்பது இலங்கையில் பழைய வழக்கம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் தாவரத்திலிருந்து சலாசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்து வெளியிட்டார்கள். குடலில் மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. எந்தத் தாவரத்தில், எந்த நோய்க்குத் தேட வேண்டும் என்பதை அந்தக் குவளை ஏற்கனவே சொல்லிவிட்டது. ஆகவே மரபறிவுக்குத் தனியாக இணக்கமும் தனியாக நிபந்தனையும் வேண்டும். மூதூர், வெருகல் பகுதிக் கரையோர வேடர் சமூகத்தினரிடம் போகிறவர்கள், அறிவு ஒருவருடையதா ஊருடையதா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் வந்த பிறகு அதைப் பெறுவோரைத் தேடுவது

1987இல் அகத்தியமலையில் காணி என்ற பழங்குடி இனத்து வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடந்ததைக் கேரளத்து விஞ்ஞானிகள் கவனித்தார்கள். அதிலிருந்து பிறந்த ஜீவனி என்ற மருந்தின் தயாரிப்பு உரிமம் 1995இல் 10 இலட்சம் இந்திய ரூபாவுக்கும் விற்பனையில் 2 வீதத்துக்கும் கொடுக்கப்பட்டது; அதில் பாதி காணி மக்களுக்கு என்று தீர்மானிக்கப்பட்டது. உலகம் முழுவதும் முன்மாதிரியாகப் பேசப்படும் ஏற்பாடு இது. ஆனால் அந்தப் பணத்தைப் பெறும் அறக்கட்டளை 1997இல்தான் பதிவாயிற்று. பேரம் பேசும்போது அவர்கள் பக்கத்தில் அமைப்பு எதுவும் இருக்கவில்லை. அந்தச் செடியின் தாவரவியற் பெயரில் நம் நாட்டின் பழைய பெயர் இருக்கிறது, அது இங்கும் வளர்கிறது என்பது ஒரு பக்கக் குறிப்பு.

கன்னியாவில் எடுப்பது வெறும் தண்ணீர் என்று நினைப்பது

கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளில் ஒன்றில் சிறிய போத்தலில் நீர் அள்ளிக்கொண்டு வந்த ஒரு மாணவி, "செடியில்லையே சேர், தண்ணீர்தானே" என்று என்னிடம் சொன்னார். அந்தியேட்டிக்கு வருபவர்கள் வாளி வாளியாக அள்ளி ஊற்றுவதும் அதே நீர்தான். ஆனால் அவர்கள் அதிலுள்ள நுண்ணுயிரை வளர்ப்பதற்காக எடுப்பதில்லை.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 1966இல் ஒரு வெந்நீர்ச் சுனையிலிருந்து பிரித்தெடுத்த பக்டீரியாவை ஆய்வாளர்கள் பொது நுண்ணுயிர்ச் சேமிப்பகம் ஒன்றில் வைத்தார்கள். சீற்றஸ் என்ற நிறுவனம் அதை அங்கிருந்தே பெற்றது. வெப்பத்தைத் தாங்கும் அதன் நொதியால்தான், கொரோனாக் காலத்தில் நம் எல்லோர் வாயிலும் அடிபட்ட பீசீஆர் பரிசோதனை எளிதாயிற்று. 1991இல் அந்தத் தொழில்நுட்பத்தின் உரிமைகள் 30 கோடி டொலருக்குக் கைமாறின. பூங்காவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இங்கும் பொருள் கைமாறிப் போனதைக் கவனித்திருப்பீர்கள்.

புறாமலையில் ஒடிந்து கிடந்த பவளத் துண்டு

ஒடிந்து கிடந்தாலும் அது தேசியப் பூங்காவுக்குள் கிடந்தது. கடற்பஞ்சுக்கும் இதுவே பதில்.

விதைநெல்லுக்கும் மூலிகைக்கும் ஒரே படிவம்

தம்பலகாமத்தில் ஒரு விவசாயி வைத்திருக்கும் பச்சைப்பெருமாளும், கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையத்தில் இருக்கும் பச்சைப்பெருமாளும் நெல்லாக ஒன்றென்றாலும் வழியால் வேறு. 2001இல் ஏற்கப்பட்ட உணவு, விவசாயத் தாவர மரபணு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை, நெல் உட்பட 64 பயிர் வகைகளைப் பட்டியலிட்டு, அரச சேமிப்பகங்களிலிருந்து அவற்றைப் பெறுவதற்கு மாற்றமுடியாத ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தை வைத்திருக்கிறது. விவசாயியின் குதிரிலிருந்து எடுப்பதற்கு அந்தப் படிவம் தானாகப் பொருந்தாது. அவரிடம் நேராகப் பேச வேண்டும்.

பயன் என்றால் பணம் என்று மட்டும் எண்ணுவது

நகோயா நெறிமுறையின் இணைப்பில் பணமல்லாத பயன்களும் வரிசையாக உள்ளன. ஆய்வு முடிவைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பது செலவில்லாதது. பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை.

மாதிரியைத் தபாலில் அனுப்புவது

வேண்டாம்.

மரபணு வரிசையை இணையத்தில் ஏற்றிவிட்டு மறந்துவிடுவது

வேர் ஊரிலேயே இருக்க, அதன் வரிசைத் தரவு மட்டும் உலகம் சுற்றலாம். 2024இல் காலி நகரத்தில், கொலம்பியாவிலுள்ள காலியைச் சொல்கிறேன், கூடிய உயிர்ப்பல்வகைமைச் சமவாய மாநாடு இதற்கென ஒரு நிதியத்தை உருவாக்கியது. தரவைப் பயன்படுத்தி இலாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 1 வீதமோ வருமானத்தில் 0.1 வீதமோ செலுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, கட்டாயம் இல்லை. ஆகவே "தரவு" என்ற சொல்லை உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மாணவர்களின் கடிதம் இப்போது நான்கு வரிகளிலிருந்து இரண்டரைப் பக்கமாகியிருக்கிறது. சென்ற வாரம் மூன்றாவது திருத்தத்தோடு வந்தபோது, கையொப்பமிடப் போகும் பரியாரியாரிடம் அதை வாசித்துக் காட்டினீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்கள். சனிக்கிழமை மூதூருக்குப் போகிறோம்.