பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பாடங்களை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றுதல்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்காக, அடோபியின் பழைய அசைவூட்ட மென்பொருளான பிளாஷில், அதன் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் செய்யப்பட்ட உயிரெழுத்து விளையாட்டை, உலாவிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றித் தரும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. பிளாஷ் கோப்புகளை இயக்கும் பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-இல் நிறுத்திவிட்டதால், இத்தகைய கோப்புகள் உலாவிகளில் திறப்பதில்லை.

முதலில் நிரலின் பதிப்பைக் கண்டறியுங்கள். எக்ஸ் (கிடைத்திசை இடம்), ஆல்பா (ஒளிபுகாமை) போன்ற பண்புகளின் பெயருக்கு முன் அடிக்கோடு இருந்தால், அது 2006-இல் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்புக்கு முந்தியது. அப்படியானால் முழுவதையும் திருப்பி எழுதுமுன் பிளாஷ் பிளேயரைப் போலவே நடந்து பழைய கோப்புகளை இயக்கும் ரபிள் என்ற இலவசப் போன்மியில் ஓட்டிப் பாருங்கள். பாதி வேலை மிச்சமாகலாம். எழுதியே ஆகவேண்டுமென்றால், பழைய நிரலில் ஆல்பா 100 வரை செல்லும், புதியதில் 1 வரைதான் என்பதை மறக்காதீர்கள்.

இரு மொழிகளும் எக்மாஸ்கிரிப்ட் என்ற பொதுத் தரத்தின் வழிவந்தவை என்பதால் வரிகளை அப்படியே ஒட்டிவிடத் தோன்றும், ஆபத்தே அங்குதான். எங்கள் விளையாட்டில் பன்னிரண்டு பிரேம்களில் (ஒன்றன்பின் ஒன்றாக வரும் காட்சிச் சட்டங்களில்) பன்னிரண்டு எழுத்துகள் இருந்தன. பிளாஷில் பிரேம் எண் 1-இல் தொடங்குவதால் ஐந்தாம் பிரேமுக்குச் சென்றால் ‘உ’ வரும். ஜாவாஸ்கிரிப்டில் நாங்கள் பயன்படுத்திய கிரியேட்ஜேஎஸ் நூலகம் 0-இலிருந்து எண்ணுவதால் அதே 5 ‘ஊ’வைக் காட்டியது. குறிலைத் தொட்ட பிள்ளைக்கு நெடில் வந்தால் பாடமே பிழை. எண்ணை விட்டுவிட்டுப் பிரேமுக்குப் பெயரிட்டு அழைப்பதே பாதுகாப்பானது.

இதைவிட நுட்பமானது, நிரல் எந்தப் பொருளுக்காக ஓடுகிறதோ அதைக் குறிக்கும் ‘திஸ்’ என்ற சொல். மூன்றாம் பதிப்பில், ஒரு பொருளின் செயற்கூற்றை (அதன் வேலையைச் செய்யும் நிரல்துண்டை) பொத்தானின் நிகழ்வுக்குக் கொடுத்தால், அது தன் பொருளை நினைவில் வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். பொத்தான் வேலை செய்வதுபோலத் தோன்றும், ஆனால் மதிப்பெண் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘நேன்’ (‘எண் அல்ல’ என்பதன் சுருக்கம்) என்று வந்து நிற்கும். ‘பைண்ட்’ கொண்டு பொருளைக் கட்டிக் கொடுங்கள், அல்லது ‘=>’ குறியிட்ட அம்புக்குறிச் செயற்கூறாக எழுதுங்கள்.

மூன்றாம் பதிப்பில் முழு எண்ணாக அறிவித்த மாறியில் ஏழை இரண்டால் வகுத்து வைத்தால் 3 மட்டுமே நிற்கும், ஜாவாஸ்கிரிப்டில் 3.5 வரும். பின்னத்தை நீங்களே வெட்டவேண்டும்.

ஒலியைக் கடைசியில் சேருங்கள். பயனர் ஒருமுறை தொடும்வரை இன்றைய உலாவிகள் பெரும்பாலும் ஒலியைத் தடுத்துவிடும் என்பதால், முகப்பில் ‘தொடங்கு’ என்றொரு பொத்தானை வைத்து, அதை அழுத்திய பிறகே முதல் எழுத்தின் ஒலியை எழுப்புங்கள்.