ஊருக்குப் போறீங்களா? உங்கள் பொழுதுபோக்கையும் பெட்டிக்குள் வையுங்கள்

வெளிநாட்டில் இருந்து யாழ்ப்பாணம் போய்வந்த என் வயதுக்காரரிடம் கேட்டால் அநேகமாக ஒரே கதைதான். முதல் சில நாள் நல்ல சந்தோஷம், பிறகு ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகப் போய்க் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, "எப்ப வந்தனீங்கள், எத்தினை நாள் நிப்பியள், படிப்பு முடிஞ்சுதோ, கலியாணம் எப்ப" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிய, அடுத்த வீட்டில் அதே கேள்வி, அதே பதில், இன்னொரு தேத்தண்ணி. அவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாதம் முழுக்க இதையே செய்தால் யாருக்கும் அலுக்கும். கடைசி வாரத்தில் வைஃபை எங்கே நன்றாக இழுக்கும் என்று தேடித் திரிவதில்தான் முடியும்.

என் யோசனை ஒன்றுதான். கனடாவின் ஸ்காபரோவிலோ லண்டனின் ஹரோவிலோ ஒரு சனிக்கிழமை காலையில் நீங்கள் உங்களுக்காக என்ன செய்வீர்களோ அதையே ஊரிலும் செய்யுங்கள். ஓடுகிறவர் ஓடுங்கள், படம் எடுப்பவர் எடுங்கள். சொந்தக்காரர் அல்லாத ஆட்களோடு பேச்சு விழுவது அப்படித்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் கடைக்கார அண்ணை கேட்பது "எந்தக் கம்பனி சைக்கிள் வைச்சிருக்கிறியள் அங்க?" என்றுதான், கலியாணத்தைப் பற்றி அல்ல.

வந்த முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள்: காலை ஒன்பது மணி வரை என்னுடையது, அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் வருகிறேன். இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை, ஏனென்றால் ஊர் ஐந்து மணிக்கே எழும்பிவிடும். பத்து மணிக்குப் பிறகு, முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களில், வெளியே நிற்கவே முடியாத வெயில். இடியப்பமும் சொதியும் ஆறுவதற்குள் திரும்பிவிடுவேன் என்று அம்மம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தால் மீதியை அவ பார்த்துக்கொள்வா.

சைக்கிளில் இருந்து தொடங்குகிறேன், என் பைத்தியம் அது. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டை நிலம், மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கியர் இல்லாத சைக்கிளே தாராளம். வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் அதற்கு முன் வீட்டுக் கோடிக்குள், அதாவது கொல்லைப்பக்கம், ஒருமுறை பாருங்கள், மாமா பாவித்த பழைய லுமாலா ஒன்று தூசி பிடித்துக் கிடக்கும். சந்தியில் உள்ள திருத்தும் கடையில் கொடுத்தால் ரியூப், பிறேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு அன்றைக்கே தந்துவிடுவார்கள். ஹெல்மெட்டும் முன் பின் லைற்றும் மட்டும் வெளிநாட்டில் இருந்தே கொண்டுபோங்கள். கனடாவில் இருந்து போகிறவர்கள் இடப்பக்கம் ஓட வேண்டும் என்பதை முதல் இரண்டு நாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். தனியார் மினிபஸ்ஸும் அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தும் நேரத்தில் உங்கள் உரிமையை நிலைநாட்டப் பார்க்காமல் தார் ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்கள்.

எங்கே ஓடுவது? முதல் தெரிவு பண்ணைப் பாலம். கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் கடல்நீரேரி விரிய, மண்டைதீவுச் சந்தி தாண்டி அல்லைப்பிட்டி, வேலணை என்று வீதி போகும். காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைப் பார்க்கிற ஆட்களையும், தடி நட்டுக் கட்டிய சிறகுவலைகளின் மேல் வரிசையாகக் குந்தியிருக்கும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே ஓடலாம். சாட்டிக் கடற்கரை வரை போய்த் திரும்பினால் ஒரு காலைக்குப் போதும். தெம்பிருந்தால் புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் வரை போகலாம், அதற்கு விடியமுன்னரே வெளிக்கிட வேண்டும்.

இதில் காற்றுக் கணக்கு ஒன்று இருக்கிறது, ஊர்ச் சனத்துக்கு அது பிறப்பிலேயே தெரியும். மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்கில் இருந்து அடிக்கும் காற்று. தீவுப் பக்கம் போகும்போது நெஞ்சில் அறையும், திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். மாரிகாலத்து வாடைக்காற்று இதற்கு நேர் எதிர். போகும்போது பறக்கிற சுகத்தில் "நான் இவ்வளவு கெட்டிக்காரனா" என்று நினைத்து நினைத்து வெகுதூரம் போய்விடுவோம், திரும்புகிற பயணத்தில்தான் கணக்குத் தீர்க்கப்படும், அதுவும் நிழலுக்கு ஒரு மரம் இல்லாத பாலத்தில், தலைக்கு மேல் வெயில் ஏறின நேரத்தில். ஆகவே வாடை காலத்தில் நினைத்ததில் பாதித் தூரத்தில் திரும்புங்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டு கட்டாயம். தீவுப் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் சவர், கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள், ஆனால் அவர்களே குடிதண்ணீரைத் தூரத்தில் இருந்து எடுப்பவர்களாக இருக்கும்.

நாய்கள். காலை நேரத்தில் ஒழுங்கைகளில் கூட்டமாகத் துரத்தும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து மெல்ல நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் அல்லது கீறினால்கூட சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். "சின்னக் கீறல்தானே" என்று மாமி மஞ்சள் பூச வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஊசியையும் தள்ளிப்போடாதீர்கள்.

படம் எடுப்பவர்களுக்கும் பறவை பார்ப்பவர்களுக்கும் நல்ல காலம் மழை ஓய்ந்தபின், ஜனவரி தொடக்கம் மார்ச் வரை. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்திருக்கும், நீரேரிகளில் தண்ணீர் நிற்கும், வடக்கே குளிர் தேசங்களில் இருந்து வந்த பறவைகளும் நிற்கும். மண்டைதீவுப் பக்கம், பொன்னாலைப் பாலம், இன்னும் தூரம் போகலாம் என்றால் சுண்டிக்குளம், மன்னார் வங்காலை. பூநாரை நிற்குமா என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது, ஒரு நாள் ஆயிரக்கணக்கில் நிற்கும், அடுத்த கிழமை ஒன்றுகூட இராது, ஆனால் நெடுங்கால் உள்ளானும் கரண்டிவாயனும் ஆலாவும் ஏமாற்றுவது குறைவு. பூநாரை கிடைத்தால் தலையைப் பாருங்கள், அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து, ஒரு அடி வைத்து, மறுபடி கவிழ்த்து, சேற்றை வடித்து வடித்துச் சாப்பிடும். பறக்கும் படம் வேண்டுமென்று கிட்டப் போய்க் கலைக்காதீர்கள், வெகுதூரம் பறந்து வந்தவை, அவற்றின் பசியோடு விளையாடக் கூடாது.

கமராவை இராணுவ முகாம், கடற்படைத் தளம், சோதனைச் சாவடி பக்கம் திருப்பவே வேண்டாம். ட்ரோன் கொண்டுபோகிற யோசனை இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், அந்த அலைச்சலுக்கு ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நிம்மதி என்பது என் அபிப்பிராயம்.

ஜனவரியில் போகிறவர்கள் பட்டத்தை விட்டுவிடக் கூடாது. தைப்பொங்கல் அன்று பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும், விமானம், கப்பல், ஆள், மிருகம் என்று மனதில் தோன்றியதையெல்லாம் மூங்கிலிலும் தாளிலும் கட்டி ஏற்றுவார்கள். ஊரின் குணம் அப்படி. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது, அதன் மாலுமிகள் இந்த ஊர்க்காரர். போட்டியைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கிழமைகளில் ஒழுங்கைகளில் நடக்கும் வேலைதான். பட்டத்தின் தலைப்பக்கத்தில் விண் பூட்டுவார்கள், வில்லாக வளைத்த தடியில் இழுத்துக் கட்டிய மெல்லிய நார் அது, காற்றில் அதிர்ந்து கூவும், எவ்வளவு இறுக்குவது என்பதில் பொடியங்களுக்குள் ஒரு மணிநேரம் தர்க்கம் நடக்கும். கிட்டப் போய் "தம்பி, இதை எப்படிக் கட்டுறது?" என்று கேளுங்கள். பிறகு உங்களை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். நைலோன் நூல் விரலை அறுக்கும், கையுறை நல்லது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வடக்கின் சமர். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904 இல் தொடங்கி, போர்க்காலத்தில் இடையிடையே விட்டு, இன்றைக்கும் மோதுகின்றன, வழமையாக மார்ச்சில். அப்பாவோ மாமாவோ இந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அறுபது வயதில் ஒருவர் பாண்ட் வாத்தியத்துக்கு ஆடுவதைப் பார்க்கலாம். விளையாடத்தான் ஆசை என்றால் பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர் மைதானத்துக்குப் போய் ஓரமாக நில்லுங்கள், கரப்பந்துக்கு எப்போதும் ஒரு ஆள் குறையும். பக்கத்திலேயே சனசமூக நிலையம் இருக்கும், அங்கே நாளாந்தப் பத்திரிகைகள் போட்டிருப்பார்கள், தமிழ் வாசிப்பைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை, மரண அறிவித்தலில் இருந்து தொடங்கினால் எழுத்துக் கூட்டுவது சுலபம்.

நீச்சலுக்குக் காரைநகர் கசூரினா கடற்கரை, அலை குறைவு, வெகுதூரம் ஆழமில்லை. கீரிமலையில் கேணி, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. எங்கேயும் ரீசேட்டும் அரைக்காற்சட்டையும் போட்டுக் குளிப்பது நல்லது.

சமையல் ஆர்வம் உள்ளவர்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை. குசினி வாசலில் நின்று "கூழ் காய்ச்சுவமா?" என்று கேளுங்கள். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), நண்டு, றால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, புளி என்று ஆளுக்கொரு வேலை கிடைக்கும், கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கரண்டிபோலக் கோலத் தெரியாவிட்டால் அதையும் பழக்குவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கேட்காதீர்கள், பல வீடுகளில் அன்றைக்கு மீன், இறைச்சி என்ற மச்சம் எதுவும் இல்லை.

மிச்சம் சில்லறை விஷயங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் வீசாவை அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே எடுங்கள், அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு. சிம் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓடப்போகிறீர்கள் என்றால் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் காணாது, இலங்கையில் அதற்கு ஒப்புதலோ தற்காலிக அனுமதியோ எடுக்க வேண்டும், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மின்சாரம் 230 வோல்ட், வட அமெரிக்காவில் இருந்து கொண்டுபோகும் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும், தலைமயிர் காயவைக்கும் மெஷினில் அநேகமாக இராது. மாரியில் நுளம்பு எண்ணெய் பூசாமல் வெளியே போகாதீர்கள், டெங்கு உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம், கமராப் பையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று முதலே யோசியுங்கள். நெடுந்தீவு போவதென்றால் குறிகட்டுவானில் முதல் படகையே பிடியுங்கள், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள், அதைத் தவறவிட்டால் அன்றிரவு அந்தத் தீவின் காட்டுக் குதிரைகளோடுதான்.

திரும்பி வரும்போது பட்டத்தைக் கொண்டுவர ஆசை வரும். சட்டத்தைக் கழற்றிக் கட்டி, தாளைத் தனியாகச் சுருட்டினால் பெட்டிக்குள் அடங்கும். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் மூங்கில் இருப்பதைப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலையும் சேர்த்து எழுதுங்கள். சைக்கிளை மட்டும் மறுபடி கோடிக்குள் விடாமல், பக்கத்து வீட்டில் ரியூசனுக்கு நடந்து போகிற பிள்ளை யாரும் இருக்கிறதா என்று அம்மம்மாவிடம் கேளுங்கள்.