படப்புத்தகத்தில் பீர்க்கங்காய்: சிறு குழந்தைகளுக்குக் காய்கறி பழக்க ஒரு வழி

ஒரு வயதுவரை கொடுத்ததையெல்லாம் வாய் திறந்து வாங்கிக்கொண்ட குழந்தை, ஒன்றரை வயதைத் தாண்டியதும் பருப்புச் சாதத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துணுக்குக் கீரையைக்கூட நாக்கால் தள்ளி வெளியேற்றத் தொடங்கினால், அதை அடம் என்றோ ஊட்டுபவரின் தவறு என்றோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழக்கமில்லாத உணவைக் கண்டு தயங்குவது அந்த வயதின் இயல்பு. பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் இந்தத் தயக்கம் மிகுந்திருக்கும். பல நேரங்களில் காயின் சுவையைவிட, அது முன்பின் பாராத பொருளாக இருப்பதுதான் குழந்தையைத் தடுக்கிறது. ஆகவே ஒரு காயைத் தட்டில் வைப்பதற்கு முன்பே குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் பழக்கிவிட முடியுமானால் பாதி வேலை முடிந்துவிடும்; அதற்கு வீட்டில் கிடைக்கும் எளிய கருவி படப்புத்தகம்.

இது வெறும் நம்பிக்கை அன்று. அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச்சும் உடன் பணியாற்றியவரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய பாலாடைக்கட்டி வகைகளையும் பழங்களையும் வெவ்வேறு எண்ணிக்கையில், அதிகபட்சம் 20 முறைவரை சுவைக்கக் கொடுத்தார்கள். எதை அதிக முறை சுவைத்தார்களோ அதையே குழந்தைகள் பின்னர் அதிகம் விரும்பினார்கள். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் புத்தகத்தோடு இணைத்துக் காட்டினார்கள். பெற்றோர் ஒரு காயைப் பற்றிய படப்புத்தகத்தை இரண்டு வாரம் தினமும் குழந்தையோடு சேர்ந்து பார்த்தபோது, அதுவரை அறிமுகமில்லாத அந்தக் காயைச் சுவைத்துப் பார்க்கவும் உண்ணவும் குழந்தைகள் கூடுதலாக முன்வந்தார்கள்.

முறையைச் சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் திறக்கக் கூடாது. நிலாவைக் காட்டியும் காக்கையைக் காட்டியும் சோறூட்டிய நம் வழக்கத்தில் இன்று கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை வைத்தால், குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வாய் திணிக்கும் உத்தியாக அதுவும் சுருங்கிவிடும். குழந்தைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வார்கள். காலை விளையாட்டுக்கு இடையிலோ, மாலையிலோ, தூங்கப்போகும் முன்போ, வயிறு நிறைந்து மனம் அமைதியாக இருக்கும் ஐந்து நிமிடம் போதுமானது.

எந்தப் புத்தகம் என்பது அடுத்த கேள்வி. கடையில் கிடைக்கும் காய்கனிப் படப்புத்தகங்கள் பலவற்றில் புரோக்கோலியும் ஸ்ட்ராபெரியும் பளபளக்கின்றன. நம் வீட்டுக் கூடையில் கிடக்கும் அவரையும் புடலையும் அபூர்வமாகவே தென்படுகின்றன. தட்டுக்கு வராத காயைப் புத்தகத்தில் பழகிப் பயன் அதிகமில்லை. படமும் உண்மையான காயைப் போல இருப்பது நல்லது, ஏனெனில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் கேலிச்சித்திரத்தைவிடப் புகைப்படத்தில் கண்ட பொருளையே நேரில் எளிதாக அடையாளம் காண்கிறார்கள். கண், மூக்கு, புன்னகை வைத்து வரையப்பட்ட கத்தரிக்காய் கதைக்கு அழகுதான். ஆனால் அதை அரிந்து வதக்கித் தட்டில் வைக்கும்போது என்ன விளக்கம் சொல்வது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. காய்கறியை வெறுக்கும் சிறுவன் கடைசிப் பக்கத்தில் திருந்திச் சாப்பிடும் கதைகளையும் இந்த வயதில் தவிர்ப்பேன். காய்கறி என்றால் வெறுக்க வேண்டும் என்பதே தெரியாத குழந்தைக்கு, முதல் பத்துப் பக்கங்கள் அதைத்தான் கற்றுக்கொடுக்கின்றன. சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்களிலும், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழில் நல்ல படப்புத்தகங்கள் உள்ளன. ஸ்டோரிவீவரில் உள்ளவற்றை இலவசமாகவே பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

இருந்தாலும் மிகச் சிறந்த புத்தகம் வீட்டில் நாமே செய்வதுதான். பீர்க்கங்காயை எடுத்துக்கொள்வோம். பந்தலிலோ வேலியிலோ மஞ்சள் பூவோடு இருக்கும் கொடி, சந்தையில் குவிந்திருக்கும் காய்கள், வரிவரியான தோலைக் குழந்தையின் விரல் தொடும் காட்சி, தோல் சீவியபின் தெரியும் வெள்ளைச் சதை, வட்ட வட்டமாக நறுக்கிய துண்டுகள், வாணலியில் கூட்டாகக் கொதிப்பது, குழந்தையின் சொந்தத் தட்டில் ஒரு கரண்டி, அப்பாவோ அக்காவோ அதை விரும்பிச் சாப்பிடும் முகம் என எட்டுப் படங்களைக் கைப்பேசியில் எடுத்து, 4-க்கு 6 அங்குல அளவில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையுள்ள சிறு ஆல்பத்தில் செருகிவிட்டால் புத்தகம் தயார். கொடி கிடைக்காவிட்டால் சந்தையிலிருந்து தொடங்கலாம். குழந்தை நாள்தோறும் பார்க்கும் அதே வாணலியும் அதே தட்டும் படத்தில் இருப்பதுதான் முக்கியம். ஒரு புத்தகத்துக்கு ஒரே காய் போதும்.

வாசிக்கும்போது 'இது உடம்புக்கு நல்லது', 'இதைச் சாப்பிட்டால் பலம் வரும்' என்ற பேச்சே வேண்டாம். இரண்டு வயதுக்கு உடல்நலம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாது. காயைப் பற்றியே பேச வேண்டும். "வரி வரியா இருக்கு பாரு, தடவிப் பாக்கலாமா கண்ணு?", "உள்ள என்ன கலர் இருக்கும்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்; விரலால் காட்டுவதும் பதில்தான். நெதர்லாந்தில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் கேரட் கதைப்புத்தகத்தை வைத்துச் செய்த ஆய்விலும், வெறுமனே வாசித்துக் காட்டப்பட்டவர்களைவிட, இடையிடையே கேள்வி கேட்டுப் பேசவைக்கப்பட்டவர்களே பிறகு அதிகக் கேரட் சாப்பிட்டார்கள். பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்தால் குளிக்கும் நாராகும் என்பதையும், புடலங்காய் வளையாமல் நீள அதன் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்பதையும் சொல்லிப் பாருங்கள். எந்த ராஜா கதைக்கும் அவை குறைந்தவை அல்ல.

மூன்று நான்கு நாள் கழித்து, புத்தகத்தில் உள்ள காயைக் கையில் கொடுக்கலாம். சந்தைக்கு அழைத்துச்சென்று அதைத் தேடச் சொல்லலாம், கழுவவிடலாம், வெண்டைக்காயாக இருந்தால் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துப் பூ அச்சுப் பதிக்கலாம். பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை, முழு நிலக்கடலை ஆகியவை தொண்டையில் அடைக்கக்கூடியவை என்பதால் அவற்றை இந்த வயதில் உண்ணக் கொடுக்கக் கூடாது. கேரட்டை மென்மையாக வேகவைத்தும், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும் கொடுக்க வேண்டும்.

பிறகுதான் தட்டு. நம் வீடுகளில் குழந்தைக்கான காயைப் பருப்புச் சாதத்தோடு மசித்துக் கரைத்துவிடுகிறோம் அல்லது தோசை மாவில் ஒளித்துவிடுகிறோம். சத்து போய்ச் சேரும், ஆனால் புத்தகத்தில் பார்த்த காய் இதுதான் என்று குழந்தைக்குத் தெரியவே தெரியாது. எனவே வழக்கமாக விரும்பிச் சாப்பிடும் சோற்றுக்குப் பக்கத்தில், உருவம் தெரியும்படி குழைவாக வெந்த இரண்டு துண்டுகளைத் தனியாக வையுங்கள். எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு என்று அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பிரிவினை இங்கே மிகவும் உதவும். தொட்டுப் பார்ப்பதும், நக்குவதும், கடித்துத் துப்புவதும்கூட முன்னேற்றமே. "இதைச் சாப்பிட்டா மிட்டாய் தரேன்" என்ற பேரத்தைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் பரிசுக்காக உண்ணவைக்கப்பட்ட உணவின்மேல் குழந்தைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்ததைப் பிர்ச் 1984-இல் காட்டியிருக்கிறார். பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் கடினமான பகுதி இதுதான்; "ஒரே ஒரு வாய் தங்கம்" என்று கெஞ்சுபவரிடம் வாதிடுவதைவிட, புத்தகம் வாசிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைப்பது பலன் தரும்.

பத்துப் பதினைந்து முறை வைத்தும் தொடாத காய் உண்டென்றால் ஒரு மாதம் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கலாம். எடை கூடாமல் இருப்பது, கெட்டியான எதை விழுங்கும்போதும் குமட்டுவது அல்லது புரையேறுவது, உண்ணும் உணவுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது ஆகியவை புத்தகத்தால் தீர்பவை அல்ல; குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஆல்பத்தில் அடுத்த காயின் படங்களைச் செருகலாம். பழைய படங்களை எறிந்துவிட வேண்டாம். குழந்தை பெரும்பாலும் அவற்றைத்தான் மறுபடியும் கேட்கும்.