பிஎம் கிசான் பணம் வரவில்லையா? நேராக வங்கிக்கு ஓடாதீர்கள்

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் ஊரில் எல்லோருக்கும் ஏறிவிட்டது, நமக்கு மட்டும் வரவில்லை என்றால் பலரும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வங்கியில் போய் நிற்கிறார்கள். தவணை பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் சிக்கும்: நில விவரம், இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆள் நீங்கள்தான் என்று இணையவழியில் உறுதிசெய்வது), ஆதார்–வங்கி இணைப்பு. பிஎம் கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பயனாளி நிலையைப் பார்த்தால், எதற்கு நேரே ‘நோ’ இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிலம் என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். கேஒய்சி என்றால் பொதுச் சேவை மையம். மூன்றாவதற்கு மட்டும்தான் வங்கி.

அதிகம் குழப்புவது இந்த மூன்றாவதுதான். “போன வருஷமே ஆதார் ஜெராக்ஸ் குடுத்துட்டேனே சார்” என்பார்கள். அது கணக்குக்கான அடையாளச் சான்று, அவ்வளவே. மானியப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை; தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்பிசிஐ) பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் அதில் இருக்கும். நகைக்கடனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கியபோது விண்ணப்பத்தில் மானியத்துக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால், அன்றிலிருந்து பணம் அங்கே திரும்பியிருக்கும். வரவில்லை என்று தேடும் தொகை, மறந்துபோன கணக்கில் சும்மா கிடப்பது உண்டு. மைஆதார் தளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். மாற்ற வேண்டுமானால், பணம் வர வேண்டிய கிளைக்குப் போய் “டிபிடிக்கு ஆதார் சீடிங் பண்ணணும்” (அதாவது அரசின் நேரடி மானியம் வர, அந்தப் பட்டியலில் ஆதாரை இந்த வங்கியோடு சேர்க்க வேண்டும்) என்று கேட்டுச் சம்மதப் படிவம் கொடுங்கள். வெறுமனே ‘ஆதார் லிங்க்’ என்று சொன்னால் பழையபடி ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இ-கேஒய்சிக்கு ஓடிபி வர, ஆதாரில் இருக்கும் செல்போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை. களை பறித்து ரேகை தேய்ந்தவர்களுக்கு அதுவும் விழாது. அவர்களுக்குப் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டும் வசதி 2023 முதல் இருக்கிறது.

நில விஷயத்தில், அப்பா இறந்தும் பட்டா அவர் பெயரிலேயே இருப்பதுதான் வழக்கமான சிக்கல். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதல் செய்யாமல் விண்ணப்பித்துப் பயனில்லை. கூட்டுப்பட்டாவில் பெயர் இருந்தாலே போதும். அண்ணன், தம்பி தனித்தனிக் குடும்பமாக இருந்தால் இருவருக்கும் தகுதி உண்டு. ஆனால் 1.2.2019-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்தை வைத்துக் கேட்க முடியாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டுமே விலக்கு. குத்தகைக்கு உழுபவருக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அது நியாயமா என்பது வேறு பேச்சு.

கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பதிவதும் தவறு. கணவன், மனைவி, 18 வயதாகாத பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். வருடத்துக்கு 6,000 ரூபாய்தான். கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவரும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவரும் (கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கலாக) சேர முடியாது. “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் தகுதியில்லாதவர்களை இப்படித்தான் சேர்த்தார்கள். பிறகு சிபிசிஐடி விசாரணை வந்தது, கொடுத்த பணத்தையும் கணக்கிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (செல்போனில் செயலியை நிறுவும் கோப்பு) தொடவே வேண்டாம். அதை நிறுவினால் வங்கி ஓடிபி மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். தெரியாமல் நிறுவிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தவணை பற்றிய சந்தேகத்துக்கு பிஎம் கிசான் உதவி எண் 155261.