நின்றால் மட்டும் நடுங்கிய கார்

என் ஆட்டோமேட்டிக் காரில் ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. பிரேக்கை மிதித்து டி (டிரைவ்) கியரில் நின்றால் மட்டும் ஸ்டீயரிங் கை கூசும் அளவுக்கு நடுங்கும். ஏசி போட்டால் இன்னும் கூடும், நியூட்ரலுக்கு மாற்றினால் அடங்கிவிடும். இன்ஜின் கோளாறு என்று நினைத்து ஸ்பார்க் பிளக் மாற்றினேன், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தியபடியே டி, ஆர் (ரிவர்ஸ்) என்று மாற்றச் சொல்லி நண்பரை உட்கார வைத்தேன். காருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தால், இன்ஜின் ஒரு பக்கமாக எகிறியது. ஆனால் இன்ஜினைக் கார் உடலோடு பிடித்துத் தாங்கும் மவுண்ட்டின் ரப்பரில் மேலே ஒரு வெடிப்புகூட இல்லை! டார்ச் அடித்து அடியில் பார்த்தபோதுதான் கறுப்பாக ஏதோ வடிந்து, அதில் தூசி அப்பியிருந்தது தெரிந்தது. அது ஹைட்ராலிக் மவுண்ட். உள்ளிருக்கும் திரவம் வடிந்துவிட்டால் வெளி ரப்பர் முழுசாக இருந்தும் பயனில்லை.

ஆயில் பானுக்கு அடியில் மரப்பலகை வைத்து, ஜாக்கால் இன்ஜினைத் தாங்கிப் பழையதைக் கழற்றினேன். புதியதை மாட்டிய பிறகும் லேசான அதிர்வு இருந்தது. இன்ஜின் ஜாக்கில் நிற்கும்போதே போல்ட்டுகளை இறுக்கியிருந்தேன், ரப்பர் முறுகியபடியே பூட்டிக்கொண்டது. மறுபடி தளர்த்தி, ஜாக்கை இறக்கி, இன்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கினேன். நடுக்கம் அடியோடு நின்றது. அப்பாடா!