பழைய விண்கலத்தைப் புதுப்பிக்கும்போது பணம் வீணாகும் இடங்கள்

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் பலநாட் படகு வைத்திருப்பவர் எவரும், அது இன்னும் எத்தனை ஆண்டுகள் கடலுக்குப் போகும் என்று கணக்கிடாமல் அதற்குப் புது இயந்திரம் பூட்டுவதில்லை. மனிதர் செல்லும் விண்கலங்களைப் புதுப்பிப்பதில் நேரும் மிகப் பெரிய தவறு, இந்தக் கணக்கைத் தள்ளிப்போடுவதேயாகும். அமெரிக்க விண்ணோடங்களின் (மீண்டும் மீண்டும் பறக்கவிடப்பட்ட ஸ்பேஸ் ஷட்டில் கலங்களின்) ஓய்வு ஆண்டு 2012 என்றும், பின்னர் 2020 என்றும் மாறிக்கொண்டே இருந்ததால், எந்த மேம்பாட்டுக்கு எவ்வளவு செலவிடுவது தகும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2004 ஜனவரியில், 2010ஆம் ஆண்டுக்குள் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கும் முடிவு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, விமானி அறையின் கணினி அமைப்பை மேம்படுத்தும் திட்டம் பாதி வழியில் கைவிடப்பட்டது. ஓய்வு ஆண்டு உறுதியாகும் முன்னர் நீண்டகால மேம்பாடு எதற்கும் நிதி ஒதுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மேம்பாட்டு நிதியையும் அன்றாடப் பறத்தல் செலவையும் ஒரே பையில் வைப்பது அடுத்த தவறு. கொலம்பியா என்ற விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதைந்த விபத்தை ஆராய்ந்த குழுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, விண்ணோடத் திட்டத்தின் கொள்வனவு வலு ஒரு தசாப்தத்தில் சுமார் 40 வீதம் குறைந்ததைச் சுட்டிக்காட்டியது. பணம் குறைந்தும் பயணங்கள் தொடரவேண்டியிருக்கும்போது முதலில் ஒத்திவைக்கப்படுவது மேம்பாடுதான். ஏவுதளக் கட்டடங்களின் பராமரிப்பும் அப்படியே பின்தள்ளப்படும். ஆகவே மேம்பாட்டுக்கெனத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

உதிரிப்பாகங்கள் சந்தையில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பவும் கூடாது. விண்ணோடத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் சோதிக்கும் தரை உபகரணங்களுக்காக நாசா, 2002இல் இன்டெல் 8086 என்ற பழைய கணினிச் சில்லுகளை இணைய ஏலத்தில் தேடவேண்டியிருந்தது.

மனிதர் செல்லும் ரஷ்யாவின் சோயுஸ் கலம் இதற்கு நல்ல மாற்றுவழியைக் காட்டுகிறது. கலம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றாமல், 2010இல் பழைய ஆர்கன் கணினியையும் அதனோடு சேர்ந்த 36 கருவிகளையும் அகற்றி, அவற்றின் இடத்தில் 19 புதிய கருவிகளைப் பொருத்தினார்கள். கலத்தின் எடையும் சுமார் 70 கிலோ குறைந்தது. அப்படி மாற்றிய சோயுஸ் வகையின் முதற் பயணங்களைச் சோதனைப் பயணங்களாகவே நடத்தினார்கள். சோதனைக்கான செலவையும் மேம்பாட்டின் விலையோடு முதலிலேயே சேர்த்தெழுதவேண்டும் என்பதற்கு அது சான்று.

கலத்தை முடிவுக்குக் கொண்டுவரும் செலவை மறப்பதும் தவறே. சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பாதுகாப்பாகக் கடலில் இறக்கும் கலத்தை உருவாக்க, 2024இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடன் நாசா செய்த ஒப்பந்தத்தின் உச்சப் பெறுமதி மட்டும் 84.3 கோடி டொலர்.